உப்புப் போட்டாச்சா?

இறால் பரிசோதிக்கிற ஒரு லேபில் நான் சேர்ந்த முதல் மாதம். விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் நடக்கும்போதே போய் இறாலும் ஒரு பாட்டில் கடல் தண்ணீரும் எடுத்து வந்து பிளேட் போட வேண்டும், அதாவது அவற்றிலுள்ள பாக்டீரியாவைத் தட்டில் வளர்க்க வேண்டும், அதுதான் வேலை. ஒருநாள் அவசரத்தில் மீடியாவில், அதாவது பாக்டீரியாவுக்கு வைக்கும் தீனியில், உப்புச் சேர்க்க மறந்துவிட்டேன். மறுநாள் இன்குபேட்டரைத் திறந்தால் அத்தனை பிளேட்டும் துடைத்து வைத்தமாதிரி இருக்கின்றன. "நீ உப்புப் போட்டுத்தானே சாப்பிடறே?" என்றார் மேடம். மானம் போனது, ஆனால் கேள்வி ரொம்பச் சரியான கேள்வி.

கடலில் வாழும் விப்ரியோ பாக்டீரியாக்கள் உப்பிலுள்ள சோடியம் இல்லாமல் வளரவே வளராது. அவற்றுக்கு ஒரு முனையில் வால் இருக்கும், அதைச் சுழற்றும் மோட்டார் ஓடுவதே சோடியத்தில்தான். வெளியே இருக்கும் சோடியம் அயனிகள் உள்ளே பாய, வால் சுற்றும். விப்ரியோ ஆல்ஜினோலிட்டிகஸில் இது நொடிக்கு 1700 சுற்று வரை போவதை 1994-இல் அளந்திருக்கிறார்கள். நம் குடலில் இருக்கும் ஈ.கோலை பாக்டீரியாவின் மோட்டார் புரோட்டானில் (ஹைட்ரஜன் அயனியில்) ஓடுவது, சுமார் 300 சுற்றோடு சரி.

அப்புறம் உப்பை ஒழுங்காகப் போட்டதும் வேறு தலைவலி. மரைன் அகார் என்கிற கடல் உப்புள்ள ஜெல்லி மீடியாவில் புள்ளி புள்ளியாகக் காலனி, அதாவது பாக்டீரியாக் கூட்டம், வந்திருக்கும், எண்ணிவிடலாம் என்று உட்கார்ந்தால் பிளேட் முழுக்கப் பாலாடை மாதிரி ஒரு படலம். நான்தான் எதையோ அழுக்காக்கிவிட்டேன் என்று இரண்டாவது ரவுண்டு திட்டுக்குத் தயாராக நின்றேன். சீனியர் அக்கா ஒருவர் பிளேட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது அழுக்கு இல்லப்பா, ஊர்ந்திருக்கு" என்றார்.

விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸில் இதைத் துருவி ஆராய்ந்திருக்கிறார்கள். கெட்டியான பரப்பில் முனைவால் சுற்ற முடியாமல் திணறும். அந்தத் திணறல்தான் அதற்குத் தகவல். உடனே உடம்பைச் சுற்றிப் பக்கவால்கள் முளைக்கும், செல்லும் நீளும், பிறகு கூட்டமாக ஊர ஆரம்பித்துவிடும். பக்கவால்களுக்கோ எரிபொருள் புரோட்டான். தண்ணீரில் ஜாலியாக நீந்தும்போதே மருந்து கொடுத்து சோடியம் மோட்டாரை முடக்கினாலும் இதே கதைதான், ஆனால் இரும்புச்சத்தும் தட்டுப்பாடாக இருந்தால்தான் முழுசாக மாறும். மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் முனகுவதை வைத்தே கியரை மாற்றுகிற ஆட்டோ அண்ணன்தான் எனக்கு ஞாபகம் வந்தார். பக்கவால் செய்யப் புரதம் ஏகத்துக்குச் செலவாகும், அதனால் தேவைப்படாதவரை அந்த ஜீன்கள் அடங்கியே கிடக்கும்.

எண்ணுவதற்கு இப்போது விப்ரியோவுக்கென்றே இருக்கும் டிசிபிஎஸ் அகார். சர்க்கரையைப் புளிக்கவைக்கும் ஆல்ஜினோலிட்டிகஸ் மஞ்சளாகவும் பாராஹீமோலிட்டிகஸ் பச்சையாகவும் தனித்தனியே அடக்கமாக உட்காரும். அதன் பொடியிலேயே உப்பு உண்டு, அதனால் மற்ற மீடியா பாட்டில்களில் மட்டும் மார்க்கரால் "உப்புப் போட்டாச்சு" என்று எழுதிவிடுகிறேன். போன வாரம் சேர்ந்த பையன் அதைப் பார்த்துச் சிரிக்கிறான்.