ஊதுற டெஸ்ட்டின் கடைசிப் பக்கம்

எங்கள் லேபுக்கு வருகிறவர்களுக்கு எல்லாமே 'ஊதுற டெஸ்ட்'தான். மூச்சின் அளவையும் வேகத்தையும் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியின்போது "ஊதுங்க, ஊதுங்க" என்று தொண்டை வற்றக் கத்துவேன். நுரையீரலிலிருந்து வாயு ரத்தத்துக்குள் எவ்வளவு நன்றாகப் போகிறது என்று பார்க்கும் டி.எல்.சி.ஓ. வந்ததும் குரல் தானாக இறங்கிவிடும். இதற்கு நிதானம்தான் வேண்டும். மூச்சை முழுக்க விட்டுவிட்டு, 0.3 சதவீதம் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயுவை ஒரே இழுப்பில் நிறைய இழுத்து, 10 விநாடி அடக்கி, விட வேண்டும். அதற்குள் எவ்வளவு மோனாக்சைடு ரத்தத்துக்குள் போனது என்பதுதான் கணக்கு.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும், இருக்க வேண்டிய அளவில் எத்தனை சதவீதம் என்பதைத் தேடுவார்கள். நான் முதலில் தேடுவது இழுத்த அளவை. வைட்டல் கெப்பாசிட்டியில் (ஒரே மூச்சில் அதிகபட்சம் இழுத்து விடக்கூடிய அளவு) 90 சதவீதமாவது உள்ளே போகவில்லை என்றால் மறுபடி செய்ய வேண்டியதுதான். அதுவும் உடனே முடியாது; முந்தைய வாயு வெளியேற 4 நிமிடமாவது விட வேண்டும். "சும்மா எதுக்குப்பா உட்கார வைக்கிற?" என்று பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். காலையில் சிகரெட் பிடித்தீர்களா என்று கேட்பது அந்த இடைவெளியில்தான். ரத்தத்தில் ஏற்கெனவே மோனாக்சைடு இருந்தால் எண் குறைத்துக் காட்டும். மனைவி பக்கத்தில் இருந்தால் பதில் எப்போதும் 'இல்லை'!

அடுத்தது ஹீமோகுளோபின். ரத்தத்தில் மோனாக்சைடைப் பிடித்துக்கொள்வது அதுதான்; அது குறைந்தால் எண்ணும் குறையும். நம் பெண்களிடம் ரத்தசோகை சாதாரணம் என்பதால் இதைக் கேட்காமல் விடவே கூடாது. ஒரு அம்மாவுக்கு டி.எல்.சி.ஓ. 58 சதவீதம் வந்தது. நுரையீரல் தழும்போ என்று குடும்பமே பயந்துபோயிருந்தது. ஹீமோகுளோபின் 7.8. பெண்களுக்கான 13.4-ஐ வைத்துத் திருத்தினால் 75 ஆகிறது. இழப்பில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு ரத்தத்துடையது.

என்னை அதிகம் சலிக்க வைப்பது கே.சி.ஓ., அதாவது டி.எல்.சி.ஓ.வை வாயு எட்டிய நுரையீரல் கொள்ளளவால் வகுத்து வரும் எண். "டி.எல்.சி.ஓ. குறைவு, ஆனால் கே.சி.ஓ. 95, அதனால் நார்மல்" என்று பயிற்சி டாக்டர்கள் எழுதிவிடுவார்கள். நல்ல நுரையீரல் உள்ள ஒருவர் பாதி மூச்சோடு நிறுத்தினாலே கே.சி.ஓ. நூறைத் தாண்டிவிடும். அப்படியிருக்க, சுருங்கிப்போன நுரையீரலில் 95 என்பது நிம்மதி தரும் எண்ணே அல்ல. பக்கத்திலேயே வி.ஏ., அதாவது அந்தக் கொள்ளளவு, எவ்வளவு என்று அச்சாகியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு எழுதலாம்.

இதையெல்லாம் கழித்த பிறகும் எண் ஏறாமல் நிற்பவர்கள் உண்டு. தோல் இறுகும் ஸ்க்ளீரோடெர்மா நோயாளி ஒருவர். ஸ்பைரோமெட்ரி அருமை, வி.ஏ. சரி, ஹீமோகுளோபின் சரி, டி.எல்.சி.ஓ.வும் கே.சி.ஓ.வும் மட்டும் போன வருடத்தைவிடக் கீழே. அப்போது சந்தேகம் நுரையீரல் ரத்தக்குழாய்கள் மேல் போகும். ரிப்போர்ட்டை மற்றவற்றின் கட்டோடு சேர்க்காமல் சீஃபிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் எக்கோவுக்கு அன்றே எழுதினார்.