பருப்பு வேகாத உயரம்

"தம்பி, நூறுன்னு சொல்றியே, அது கீழ உள்ள கணக்கா, மேல உள்ள கணக்கா?"

அந்த ஓட்டுநர் அண்ணன் இப்படித்தான் கேட்டார். நான் சிரித்தேன். "டிகிரி எல்லா ஊர்லயும் டிகிரிதாண்ணே" என்றேன். அவரும் சிரித்துவிட்டு, "இல்ல, இங்க குக்கர் இல்லாம பருப்பே வேகாது, அதான் கேட்டேன்" என்றார். அதற்குள் நான் ஸ்பானர்களைப் பைக்குள் போட ஆரம்பித்திருந்தேன்.

மே மாத வெள்ளிக்கிழமை அது. ஊட்டி ஏரியில் தண்ணீர் இறங்கிக் கரையில் சேறு தெரிந்தது. ஜெட் படகில் எஞ்சின் சூடாகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். முழு வேகத்தில் போனால் சூட்டைக் காட்டும் முள் ஒழுங்காக நிற்கிறது, படகுத்துறையில் ஆள் ஏற்றிக்கொண்டு மெதுவாக ஓடினால் ஏறுகிறது. இவ்வளவு சொன்னாலே பாதி வேலை முடிந்த மாதிரி. அந்தப் படகில் எஞ்சினைக் குளிர்விக்கத் தனி பம்ப் கிடையாது. ஜெட் தள்ளுகிற தண்ணீரில் ஒரு பங்குதான் எஞ்சினுக்குள் போகும். வேகம் குறைந்தால் அழுத்தம் குறையும், வழியில் கொஞ்சம் அடைப்பு இருந்தாலும் ஓட்டம் நின்றுவிடும். ஆழமில்லாத இடத்தில் ரிவர்ஸ் வேறு போடுகிறார்கள். ரிவர்ஸுக்காக ஜெட் வாய்க்குக் குறுக்கே இறங்கும் மூடியை வாளி என்போம். வாளி இறங்கியதும் ஜெட் முன்பக்கம் திரும்பி அடியிலுள்ள சேற்றைக் கலக்கும், அதையே ஜெட் மறுபடி உறிஞ்சும்.

கம்பி வலையில் சிக்கியிருந்த பாசியை எடுத்தேன். ஹோஸ் மாட்டித் தண்ணீரை எதிர்ப்பக்கமாக விட்டேன், கறுப்பாக வண்டல் வந்தது. எஞ்சினை ஓட்டிப் பார்த்ததில் புகை வெளியேறும் மேனிஃபோல்டு ஒரு பக்கம் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது, இன்னொரு பக்கம் கை வைக்க முடியவில்லை. எஞ்சின் பிளாக்கில் தண்ணீர் வடிக்கும் டிரெய்ன் பிளக்கைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்தினால்தான் சரியாகும். அதற்கு ஒரு முழு நாள் வேண்டும். மறுநாள் சனிக்கிழமை, சீசன் கூட்டம். மேனேஜர் "திங்கட்கிழமை வரைக்கும் தாங்குமா?" என்று கேட்டார். தாங்கும் என்றேன். அண்ணனிடம், "முள் நூறைத் தொடாத வரைக்கும் பயப்படாதீங்க" என்றேன்.

நூறு என்பது சமவெளியிலேயே அதிகம். பேச்சு வேகத்தில் ஏதோ முழு எண்ணாக வாயில் வந்துவிட்டது. தொழில் கற்றது கொச்சியில், கடல் மட்டத்தில். ஊட்டி 2,240 மீட்டர். இந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மெதுவாக ஓடும்போது எஞ்சினுக்குள் அழுத்தமும் அவ்வளவாக இருக்காது. கொதிக்க ஆரம்பித்த பிறகு முள் மேலே ஏறாது, அங்கேயே நிற்கும். நான் சொன்ன நூறை அந்த முள் தொடவே வழியில்லை. இதையெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறேன். அண்ணன் அடுப்படியில் படித்திருக்கிறார்.

ஞாயிறு மதியம் சூடு தாங்காமல் எஞ்சினின் ஹெட் கேஸ்கெட் போனது. யாருக்கும் அடியில்லை, இன்னொரு படகு போய்க் கயிறு கட்டி இழுத்து வந்தது. முள்ளைப் பார்க்காமல் ஓட்டினார் என்று அண்ணன் மேல் பழி விழுந்தது. அவர் பார்த்துக்கொண்டேதான் ஓட்டியிருப்பார். நூறு வருகிறதா என்று பார்த்திருப்பார்.

நான் கொடுத்த அறிக்கையில் சேற்று அடைப்பு என்று எழுதினேன். அது பொய்யில்லை. நான் எந்த எண்ணைச் சொல்லியிருந்தாலும் அடைப்பு அடைப்புதான். சூடு ஏறினால் கத்துகிற பஸ்ஸரின் வயரை வேறு யாரோ முன்பே கழற்றி விட்டிருந்தார்கள், அது என் வேலையில்லை. வெள்ளிக்கிழமை அதைப் பார்த்தேனா என்றால், பார்த்தேன். திங்கட்கிழமை சேர்த்து மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். படகை நிறுத்தச் சொல்லியிருந்தால் வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஓட்டியிருப்பார்கள். இப்படி நினைத்தால் அன்றைக்குத் தூக்கம் வருகிறது. எண்பது என்று சொல்லியிருந்தால் அவர் எண்பதிலேயே அணைத்திருப்பார். இது நினைவுக்கு வரும் நாளில் தூக்கம் வருவதில்லை.

அண்ணனைப் படகிலிருந்து எடுத்து டிக்கெட் கவுன்ட்டர் பக்கம் போட்டார்கள். சீசன் முடிந்ததும் அங்கேயும் இல்லை. கூடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை பார்த்தேன். "சாப்டியா தம்பி?" என்றார். படகைப் பற்றி அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அப்புறம் மலையில் எந்தப் படகைப் பார்த்தாலும் மீட்டரில் எண்பதில் சிவப்பு டேப் ஒட்டிவிட்டு வருகிறேன். போன மாதம் ஒரு பையன் போன் செய்தான். "அண்ணே, எண்பதுக்கே நிறுத்தினா ஏறினவங்க கத்துறாங்க. கொஞ்சம் கூட விடலாமா?"

சரி, 85 வரைக்கும் பார்த்துக்கோ என்று சொல்லிவிட்டேன்.