அசெம்பிளில ஸ்ட்ரக்சர் எழுதியாச்சு, வேரியபிள் எங்க?

பெங்களூர்ல எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் எங்க டீம், பாதி கோடு சி, பாதி நாஸ்ம் (அசெம்பிளி கோடை மெஷின் கோடா மாத்துற ஒரு அசெம்ப்ளர்). புதுசா வர்ற பசங்க சி பிரமாதமா எழுதுவாங்க, நாஸ்ம் ஃபைலைத் திறந்து ஒரு ஸ்ட்ரக்சருக்கு (பல ஃபீல்டை ஒண்ணா கட்டின டைப்பு) இன்ஸ்டன்ஸ், அதாவது நிஜமா மெமரில ஒரு வேரியபிள், வைன்னு சொன்னா முழிப்பாங்க. கோவில்பட்டி தம்பி ஒருத்தன், "அண்ணே, ஸ்ட்ரக்சர் எழுதிட்டேன், வேரியபிள் எங்கண்ணே?"ன்னான். சரியான கேள்வி.

நாஸ்ம்ல ஸ்ட்ரக்சரைத் தொடங்கி முடிக்கிற ஸ்ட்ரக், எண்ட்ஸ்ட்ரக் நடுவுல என்ன எழுதினாலும் மெமரில ஒரு பைட் கூட ஒதுங்காது, ஃபீல்டு பேரெல்லாம் வெறும் ஆஃப்செட் நம்பர் (தொடக்கத்துல இருந்து எத்தனை பைட் தள்ளின்னு), கூடவே மொத்த சைஸுக்கு ஒரு நம்பர், அவ்ளோதான். இடம் வேணும்னா நாமதான் கேட்டு வாங்கணும், ஆரம்ப மதிப்பு இருந்தா டேட்டா செக்‌ஷன்ல இஸ்ட்ரக், அட், ஐஎண்ட்னு மூணு கட்டளை போடணும் (ஃபீல்டுக்கு அட் போடுற வரிசை டெஃபினிஷன் வரிசையாவே இருக்கணும்), இல்லன்னா பிஎஸ்எஸ்ல (ஆரம்ப மதிப்பு இல்லாத டேட்டாவுக்கான பகுதி) இடம் ஒதுக்குற ரெஸ்பி போட்டு அந்த சைஸைக் குடுக்கணும். மாஸ்ம் (மைக்ரோசாஃப்ட்டோட அசெம்ப்ளர்) பழகினவங்களுக்கு இது எரிச்சலா இருக்கும், அங்க பேரு, டைப்பு, ஆங்கிள் பிராக்கெட்டுக்குள்ள மதிப்புன்னு ஒரே வரில முடிஞ்சிடும், நிறைய வேணும்னா டப்னு போட்டாப் போதும், அப்புறம் புள்ளி வச்சு ஃபீல்டை எடுத்துக்கலாம். சொகுசுதான், ஆனா கத்துக்கிறவனுக்கு நான் நாஸ்மைத்தான் காட்டுவேன், அதுல எதையும் மூடி வைக்கல.

அந்த தம்பி அடுத்து மாட்டினது பேடிங்ல, அதாவது ஃபீல்டுக்கு நடுவுல விடுற காலி பைட்ல. சி பக்கம் ஸ்ட்ரக்சர்ல ஒரு கேரக்டர் (1 பைட்), அடுத்து ஒரு இன்ட் (4 பைட்). கம்பைலர் நடுவுல 3 பைட் காலியா விட்டு மொத்தம் 8 ஆக்கும். நாஸ்ம் நீங்க சொன்னதை மட்டும்தான் செய்யும், 5 பைட்ல நிறுத்திடும், சி பக்கம் ஆஃப்செட் 4ல எழுதுனதை இவன் 1ல படிச்சுட்டு மதிப்பு கண்டபடி வருதேன்னு சாயங்காலம் வரைக்கும் டீபக்கரைப் பாத்துட்டு உக்காந்திருந்தான், சில்க் போர்டு டிராஃபிக்குக்கு முன்னாடி கிளம்பணும்னு நினைச்ச நானும் கூட உக்காந்தேன். இன்ட்டுக்கு முன்னாடி ஒரு அலைன்பி 4 (அடுத்த ஃபீல்டை 4ஆல வகுபடுற ஆஃப்செட்டுக்குத் தள்ளுற கட்டளை), சரியாயிடுச்சு.

மறுநாள் அதையே அர்ரே ஆக்கணும்னான், ஃபீல்டு ஒண்ணு கூடி சைஸ் 12 ஆயிருந்துச்சு. எக்ஸ்86 அட்ரஸிங்ல இன்டெக்ஸைப் பெருக்குற ஸ்கேல் 1, 2, 4, 8 மட்டும்தான், 12ன்னு எழுதினா அசெம்ப்ளர் ஒத்துக்காது. "16 ஆக்கிடலாமாண்ணே?"ன்னான். அதுவும் ஸ்கேல்ல இல்லடா, வேணும்னா ஷிஃப்ட் பண்ணிக்கலாம்னேன், ஆனா வரிசையா நடக்கிற லூப்தானே, பாயின்ட்டரோட அந்த சைஸ் நம்பரையே கூட்டிக்கிட்டுப் போ, நாளைக்கு ஃபீல்டு கூடினாலும் லூப்பைத் தொட வேண்டியதில்ல.