கார் ஏசி தானே காட்டும் கோளாறு எண்கள்: டொயோட்டா ஆட்டோ ஏசியில் படிக்கும் முறை

ஏசி குளிரவில்லை என்று கார் வந்து நின்றதும் கேஸ் மிஷினை உருட்டிக்கொண்டு வருவதுதான் பல பட்டறைகளில் வழக்கம். வைத்த வெப்பநிலையைத் தானே காக்கும் ஆட்டோ ஏசி உள்ள டொயோட்டா கார் என்றால் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஸ்கேனர் வேண்டாம், டாஷ்போர்டு பட்டன்களே போதும்.

இக்னிஷனை ஆஃப் செய்யுங்கள். ஆட்டோ பட்டனையும், காருக்குள் வளைந்த அம்புக்குறி போட்ட உள்காற்று பட்டனையும் சேர்த்து அழுத்தி, விடாமல் பிடித்தபடியே இக்னிஷனை ஆனுக்குக் கொண்டுவாருங்கள். பேனல் விளக்குகள் எல்லாம் ஒரு விநாடி இடைவெளியில் நான்கு முறை எரிந்து அணையும். எரியாத விளக்கு இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அது முடிந்ததும் சென்சார் சோதனை தானாகத் தொடங்கி, வெப்பநிலை காட்டும் இடத்தில் இரண்டு இலக்க எண் வரும். 00 வந்தால் கோளாறு பதிவாகவில்லை. ஒன்றுக்கு மேல் இருந்தால் சிறிய எண்ணிலிருந்து வரிசையாக ஓடும். பல மாடல்களில் எண்ணோடு பீப் சத்தம் கேட்டால் கோளாறு இப்போதும் இருக்கிறது. சத்தமில்லாமல் வந்தால் எப்போதோ வந்து நினைவில் தங்கியது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பழைய எண்ணைத் துரத்தி நல்ல சென்சாரை மாற்றிவிடுபவர்கள் நிறைய.

11 கார் உள்வெப்ப சென்சார். 12 வெளிவெப்ப சென்சார். 13 கூலிங் காயில் சென்சார். 21 வெயில் சென்சார். பட்டறைத் தகரக் கூரையின் கீழ் நிறுத்திச் சோதித்தால் 21 வருவது இயல்பு. வெளிச்சம் இல்லாததை அறுந்த ஒயர் என்று ஏசியை இயக்கும் கணினியான கன்ட்ரோலர் எடுத்துக்கொள்கிறது. காரை வெயிலுக்கு நகர்த்துங்கள், அல்லது 60 வாட் குண்டு பல்பை டாஷ்போர்டு மேலுள்ள சென்சாருக்கு அருகில் பிடித்து மறுபடி பாருங்கள்.

வெப்ப சென்சார்கள் எல்லாமே தெர்மிஸ்டர்கள். சூடு ஏற ஏற மின்தடை குறையும். கன்ட்ரோலர் 5 வோல்ட் அனுப்பி, எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளக்கிறது. ஒயர் அறுந்தால் 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும், ஷார்ட் ஆனால் பூஜ்யமாகும். இந்த இரண்டு ஓரங்களைத்தான் அது கோளாறாக எண்ணுகிறது. நடுவில் வரும் எந்த மதிப்பையும், தவறாகவே இருந்தாலும், நம்பிவிடும். வெப்ப சென்சார்களைப் பொறுத்தவரை இந்தச் சோதனை மின்சுற்றைத்தான் பார்க்கிறது, குளிரைப் பார்ப்பதில்லை. இதை மனதில் வைத்தால்தான் 00 வந்த பிறகும் எங்கே தேடுவது என்று தெரியும்.

உள்வெப்ப சென்சாரே நல்ல உதாரணம். டாஷ்போர்டில் சிறு கம்பிவலைக்குப் பின்னால் அது இருக்கும். பின்னாலுள்ள ஒரு மெல்லிய குழாய் கார் உள்காற்றை அதன் மீது இழுக்கும். ஸ்டீரியோ மாற்றும்போது அந்தக் குழாய் கழன்றுவிட்டாலோ, வலையில் தூசி அடைத்தாலோ, சென்சார் டாஷ்போர்டுக்குள் தேங்கிய சூட்டை அளந்து ப்ளோயரை ஓயாமல் ஓட்டும். எண் எதுவும் வராது. டிஷ்யூ பேப்பரைச் சிறிது கிழித்து வலைமேல் வையுங்கள். ப்ளோயர் ஓடும்போது லேசாக ஒட்டி நிற்க வேண்டும். சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் 25 டிகிரியில் சுமார் 1.7 கிலோ ஓம், 50 டிகிரியில் சுமார் 0.6 கிலோ ஓம் காட்டும்.

12 வந்தால் முதலில் முன்பம்பரில் டிங்கரிங் வேலை நடந்ததா என்று கேளுங்கள். சென்சார் முன்கிரில்லுக்குப் பின்னால் இருப்பதால், பம்பரை மாட்டும்போது கனெக்டரைச் செருக மறப்பது சாதாரணம். எலி கடித்த ஒயரும் இங்கே கிடைக்கும்.

22 கம்ப்ரசர் சுழலாமல் பூட்டிக்கொண்டதற்கான எண். என்ஜின் ஓடும்போதுதான் பதிவாகும். என்ஜின் வேகத்தையும் கம்ப்ரசர் வேகத்தையும் ஒப்பிட்டு, விகிதம் 20 சதவீதத்துக்கு மேல் விலகி சுமார் 3 விநாடி நீடித்தால் கன்ட்ரோலர் கம்ப்ரசர் கிளட்சை வெட்டிவிடும், ஏசி விளக்கும் மின்னும். பெல்ட்டைக் காக்கத்தான் இந்த ஏற்பாடு. அதனால் கம்ப்ரசரைக் குறை சொல்லுமுன் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா என்று பாருங்கள்.

23 அழுத்தம் பற்றியது. உயரழுத்தப் பக்கம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோவுக்குக் கீழே இறங்கினாலோ, 32 கிலோவுக்கு மேலே ஏறினாலோதான் வரும். கேஸ் பாதி கசிந்து குளிர் குறைந்த காரில் அழுத்தம் இந்த இரண்டுக்கும் நடுவிலேயே இருக்கும், எண் வராது. அங்கே அழுத்தம் அளக்கும் கேஜ் மாட்டித்தான் தீர வேண்டும்.

31-ஐயும் 41-ஐயும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டும் குளிர்காற்றையும் சூட்டையும் கலக்கும் கதவைப் பற்றியவை. 31 என்றால் கதவின் நிலையைச் சொல்லும் சென்சாரின் ஒயர் பிரச்சினை. 41 என்றால் மோட்டாருக்குக் கட்டளை போயும் கதவு அசையவில்லை: பல்சக்கரம் உடைந்திருக்கும், அல்லது கதவு சிக்கியிருக்கும்.

கதவை நேரில் சோதிக்கவும் வழி இருக்கிறது. சென்சார் சோதனை ஓடும்போதே உள்காற்று பட்டனை அழுத்தினால் இயக்கச் சோதனைக்குப் போகும். 0 முதல் 9 வரை ஒவ்வொரு படியாக நகரும். வேகம் அதிகமென்றால், பல மாடல்களில் வெப்பநிலையைக் கூட்டும் பட்டனை அழுத்தினால் ஒவ்வொன்றாக நிற்கும். தொடக்கத்தில் முழுக்குளிர், காற்று முகத்துக்கு; கடைசியில் முழுச்சூடு, முன்கண்ணாடிக்கு. ஒவ்வொரு படியிலும் வெண்ட்டில் கை வைத்துப் பாருங்கள், கையுறைப்பெட்டிப் பக்கம் காதையும் வையுங்கள். டிக் டிக் என்ற சத்தத்தோடு காற்று மாறாமல் நின்றால் பல்சக்கரம் தாண்டுகிறது. ஆஃப் பட்டனை அழுத்தினால் சோதனையிலிருந்து வெளியேறலாம்.

காரின் சோதனை சாக்கெட்டில் செருகும் மலிவான ஓபிடி ஸ்கேனரில் இந்த ஏசி எண்கள் தெரியாததற்குக் காரணம், அது பெரும்பாலும் P0-வில் தொடங்கும் என்ஜின் எண்களை மட்டும் படிப்பது. நிறுவன ஸ்கேனரில் வெளிவெப்ப சென்சார் B1412 என்ற எண்ணோடு வரும்; கடைசி இரண்டு இலக்கமும் பேனல் காட்டும் அதே எண்தான்.

பழுது பார்த்த பின் நினைவை அழிக்க வேண்டும். பல மாடல்களில் சென்சார் சோதனையின்போது முன், பின் டிஃப்ராஸ்ட் பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் போதும். பழைய மாடல்களில், ஏசி நினைவுக்கு மின்சாரம் தரும் ஃபியூஸை மேனுவலில் பார்த்துப் பிடுங்கி, 10 விநாடிக்கு மேல் விட்டுச் செருகுங்கள். பிறகு என்ஜினை ஓட்டி, ஏசியைப் போட்டு, மறுபடி ஒருமுறை சோதனையை ஓடவிட்டு 00 வருகிறதா என்று பார்த்த பிறகே கழற்றிய டாஷ்போர்டு பேனலை மூடுங்கள்.