ஐப்பசி மழையில் பாலிஷ் போட்டவன்

பழைய வண்ணாரப்பேட்டையில் தாத்தா வீட்டை இடித்தபோது மற்றவர்கள் பாத்திரம் பண்டம் எடுத்துக்கொண்டார்கள், நான் ஒரு கதவுப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பர்மா தேக்கு. மூன்று வருஷம் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது, அதற்குள் அம்மா இரண்டு தடவை காயலான் கடைக்காரரிடம் அதற்கு விலை பேசிவிட்டாள், அப்புறம்தான் போன வருஷம் அதில் ஒரு சுவர்க் கடிகாரம் செய்தே தீருவது என்று உட்கார்ந்தேன்.

கடிகாரம் செய்கிறேன் என்றால் பல்சக்கரம்கூட நானே வெட்டுகிறேன் என்று நினைத்துவிடுகிறார்கள். அதெல்லாம் இல்லை. ஓட வைப்பது பாரீஸ் கார்னரில் வாங்கிய குவார்ட்ஸ் மெஷின். உள்ளே ஒரு படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது, அதைப் பாதி பாதியாக 15 தடவை குறைத்தால் நொடிக்கு ஒன்று, அதுதான் முள்ளைத் தள்ளுகிறது. என் பங்கு மரவேலை மட்டும். அதிலும் முதல் நாளே சறுக்கல்: பலகை 20 எம்.எம். கனம், வாங்கி வந்த மெஷினின் தண்டில் மரை 6 எம்.எம்.தான். முன்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பின்பக்கம் ரௌட்டரால் (மரத்தைக் குடைகிற கருவி) 60 எம்.எம். சதுரத்துக்குக் குழி எடுத்து, நடுவில் 4 எம்.எம். மட்டும் மிச்சம் வைத்த பிறகுதான் நட்டு பிடித்தது. மெஷின் வாங்கப் போகும்போது பலகைக் கனத்தை அளந்துகொண்டு போங்கள், கடையில் யாரும் கேட்கமாட்டார்கள்.

பழைய மரத்தில் ஆணி ஒளிந்திருக்கும். காந்தத்தை வைத்துத் தடவிப் பார்த்ததில் இரண்டு அகப்பட்டன, மூன்றாவதை ரம்பம் கண்டுபிடித்தது (பிளேடு காலி). ஆணி இருந்த இடம் மை கொட்டினமாதிரி கறுத்திருந்தது. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். அதை இழைத்து எடுக்க மனசு வரவில்லை, 4 மணிக்குப் பக்கத்தில் வருகிறமாதிரி பலகையைத் திருப்பிக்கொண்டேன்.

உப்புத்தாள் 80, 120, 180, 220 நம்பர் என்று சொரசொரப்பிலிருந்து நைசுக்கு வரிசையாக, மரத்தின் வரி ஓடுகிற திசையிலேயே. குறுக்கே தேய்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது, பாலிஷ் ஏறியதும் பூனை பிறாண்டினமாதிரி காட்டிக்கொடுத்துவிடும். பாலிஷுக்காக அரை லிட்டர் ஸ்பிரிட்டில் 100 கிராம் அரக்கை ராத்திரியே ஊறவைத்திருந்தேன். காலையில் பார்த்தால் அடைமழை.

தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி அண்ணன் அன்றைக்கே சொன்னார், "தம்பி, மழை விட்டு நாலு வெயில் அடிக்கட்டும், அப்புறம் பூசுங்க." எங்கே கேட்டேன்? மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. பஞ்சை மல் துணியில் சுற்றி இரண்டு கை பூசினேன், ஈரமாக இருக்கும்வரை தேன் நிறத்தில் அப்படி மின்னியது. பத்து நிமிஷத்தில் பலகை முழுக்க வெளுத்துப்போய் மோர் தெளித்தமாதிரி ஆகிவிட்டது. சீக்கிரம் காயட்டும் என்று ஃபேனைப் போட்டேன், இன்னும் மோசம். ஸ்பிரிட் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்துவிடுகிறது, காற்றில் இருக்கிற ஈரம் அதில் படிந்து அரக்குக்குள் மாட்டிக்கொள்கிறது. ஃபேன் அந்தக் குளிர்ச்சியை இன்னும் வேகப்படுத்தும், அவ்வளவுதான். கிரகப்பிரவேசத்துக்கு எவர்சில்வர் குடம் வாங்கிக்கொண்டு போனேன்.

தை பிறந்து வெயில் நன்றாக விழுந்த பிறகு, வெறும் ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டு லேசாகத் துடைத்தேன். அரக்கு மறுபடி இளகி, வெளுப்பு கண்ணெதிரே கரைந்து போனது. இதற்காகவே மற்ற பாலிஷைவிட எனக்கு அரக்கைப் பிடிக்கும், தப்பு செய்தால் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. அதன்மேல் மெல்லிசாக ஆறு கை, நாளுக்கு ஒன்று.

மச்சான் இப்போது கேட்கிறான், கொடுப்பதாக இல்லை. கூடத்தில் மாட்டியாகிவிட்டது. 7க்குப் பக்கத்தில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெளுப்பு இன்னும் இருக்கிறது, அம்மா அதை விபூதி என்று நினைத்துக்கொண்டு தினமும் முந்தானையால் துடைக்கிறாள்.