மூன்றாவது ஈடு பொரித்துவிட்டது!

இன்று காலை கிரிக்கெட் பூச்சிகளின் முட்டை டப்பாவைத் திறந்தால், தேங்காய் நார்த்தூள் மேலே வெளிறிய புள்ளிகள் துள்ளிக்கொண்டிருந்தன. பின்ஹெட், அதாவது அப்போதுதான் பொரித்த கிரிக்கெட் குஞ்சுகள்! இருநூறாவது தேறும். இரண்டு ஈடு பாழாய்ப்போன பிறகு கிடைத்த வெற்றி என்பதால் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் நான் வளர்க்கும் கர்லி ஹேர் ஸ்லிங்குக்கு (டரான்டுலா என்ற பெரிய மயிர்ச்சிலந்தியின் குஞ்சு) இரை போடத்தான். காலை விரித்து அளந்தாலும் ஒன்றரை சென்டிமீட்டர் வராது. பெரிய கிரிக்கெட்டின் தொடையை வெட்டிப் போட்டால் தின்னும், மறுக்கவில்லை. ஆனால் வாரம் இரண்டு முறை இடுக்கியும் கத்தரியுமாக உட்கார யாரால் முடியும்? மறுநாள் மிச்சத்தை எடுக்க மறந்தால் பூஞ்சை, அதன் பின்னாலேயே மைட் என்ற நுண்ணிய உண்ணிகள்.

முதல் ஈடு காய்ந்தே செத்தது. இரண்டாவதில் அந்தப் பயத்தில் தண்ணீரைக் கொட்டி, மூடியையும் இறுக்கிவிட்டேன். பொரிக்கத்தான் செய்தது, ஆனால் சுவரெல்லாம் வியர்த்து நின்ற துளிகளில் குஞ்சுகள் ஒட்டிச் செத்தன. அந்த உடம்புக்கு ஒரு சொட்டுத் தண்ணீரே பசை மாதிரி. கால் பட்டால் மீளாது.

ஆக, எல்லாம் ஈரப்பதத்தில்தான் இருக்கிறது. ஒரு வாரம் இதே வேலையாக இருந்து கண்டுபிடித்த பதம் இது: நார்த்தூளைக் கைநிறைய எடுத்து அழுத்தினால் விரலிடுக்கில் ஈரம் மினுங்க வேண்டும், சொட்டக் கூடாது. கையைத் திறந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், லேசாகத் தட்டினால் உதிர வேண்டும். நாலு சென்டிமீட்டர் ஆழம் நிரப்பினேன். தினமும் மேலே தெளிப்பதை விட்டுவிட்டு, டப்பாவின் ஓரத்தில் ஓர் உறிஞ்சுகுழாயைச் செருகி அடியில் மட்டும் நீர் விட்டேன். மேல்பரப்பு லேசாக உலர்ந்திருக்க, முட்டை இருக்கும் இடம் மட்டும் ஈரமாக இருந்தது. பூஞ்சை தலைகாட்டவே இல்லை.

இன்னொன்று, வலை. முதலில் வெறும் டப்பாவை வைத்தபோது பெரியதுகள் மண்ணைக் கிண்டித் தாங்கள் இட்டதையே தின்றுகொண்டிருந்தன. இப்போது மேலே எஃகு வலை. பெட்டை வலைக்கண் வழியாக முட்டையிடும் ஊசியை மட்டும் உள்ளே விடும், கிண்ட முடியாது. பிளாஸ்டிக் வலை வேண்டாம், கடித்துவிடும். மூன்று நாள் பெரியதுகளின் பெட்டிக்குள் வைத்து, பிறகு டப்பாவைத் தனியே எடுத்து, தெர்மோஸ்டாட் மாட்டிய சூட்டுப் பெட்டியில் 30 டிகிரியில் வைத்தேன். பதினோராம் நாள் பொரித்தது.

நார்க்கட்டி வாங்குவோர் கவனிக்க: செடிக்கென்று விற்பதில் உரம் கலந்திருக்கலாம். எனக்கு முதலில் வந்தது அப்படித்தான், தண்ணீரில் ஊறப்போட்டதுமே பச்சை உருண்டைகள் மிதந்தன. தூக்கிப் போட்டேன். கிரிக்கெட் அனுப்பியவர் பற்றித் தனியாகப் புலம்ப வேண்டும். பாதி பெட்டி செத்து நாறித்தான் வந்தது, கேட்டால் கூரியர்காரனைக் கைகாட்டுகிறார்.

அதனால்தான் அடுத்து டூபியா, இரைக்காக வளர்க்கும் ஒரு கரப்பான் வகை. முட்டை டப்பா, ஈரம் என்ற தொல்லையே இல்லை, குஞ்சாகவே ஈனும். கத்தாது, வழவழப்பான சுவரில் ஏறாது. வளர மாதக்கணக்கில் ஆகும் என்பதுதான் குறை. பத்துப் பெட்டை, மூன்று ஆண் வந்துவிட்டன. சிறகு முழுசாக இருந்தால் ஆண், பார்த்ததும் தெரியும். அதற்கான பெட்டியில் காற்றுத்துளை இன்னும் போடவில்லை, துளைக்கருவி இரவல் போயிருக்கிறது.

டூபியா பெரியவளுக்கும் ஒத்துவரும். அவள் என் இன்னொரு டரான்டுலா, சிவப்பு முட்டிக்காரி. போன மாதம் தோலுரித்தாள். மல்லாந்து கிடந்தபோதுதான், முந்தின நாள் போட்ட கிரிக்கெட் ஒன்று மூலையில் உலாவுவதைப் பார்த்தேன். நெஞ்சு நின்றுவிட்டது. மெத்தென்று கிடக்கும் உடம்பை அது கொறித்தால் அவளால் தடுக்க முடியாது. நீள இடுக்கியால் மெதுவாக எடுத்தேன். விஷப்பற்கள் வெள்ளையிலிருந்து சிவந்து கறுக்கும்வரை இரை போடவில்லை. உரித்த தோலில், பெண் சிலந்தி விந்தைச் சேமித்துவைக்கும் பை தெளிவாகத் தெரிந்தது. பெண்தான், இனி சந்தேகமில்லை.

சரி, ஸ்லிங்குக்கு வருவோம். இருபது பின்ஹெட்டைப் பிரித்தெடுத்துக்கொண்டு ஆசையாகப் போனேன். வளை வாயை மண்ணால் அடைத்துவைத்திருக்கிறது. டப்பாவின் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் வயிறு கறுத்து மினுமினுக்கிறது. தோலுரிக்கப் போகிறது. இன்னும் மூன்று வாரமாவது வாய் திறக்காது. அதற்குள் இந்த இருநூறும் வளர்ந்து, அதைவிடப் பெரிதாகிவிடும்.