62 என்பது மார்க் இல்லை

மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளியில் வருஷத்துக்கு ஒரு தடவை வெளி நிறுவனம் ஒன்றை வைத்துத் திறனறித் தேர்வு நடத்துவார்கள். பாஸ், பெயில் கிடையாது, மார்க் ஷீட்டிலும் சேராது. பீஸோடு சேர்த்துப் பணம் மட்டும் வாங்கிவிடுவார்கள். அதன் அறிக்கை போன மாதம் வந்தது. நாலு பக்கம், முழுக்க ஆங்கிலம், கலர் கலராகக் கட்டங்கள். கணக்கு 62, ஆங்கிலம் 81, அறிவியல் 35.

"பள்ளிக்கூடப் பரீட்சையில கணக்குல 91 வாங்குதா. இதுல எப்படிங்க 62?" என்றாள் மனைவி. வகுப்பு வாட்ஸப் குழுவில் அதற்குள் ரகளை தொடங்கியிருந்தது. யாரோ ஒருவர் டியூஷன் சென்டர் விளம்பரத்தைப் போட, 70க்குக் கீழே வந்த பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் எல்லாம் அங்கே பீஸ் எவ்வளவு என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு இந்தக் குழப்பம் புதிதில்லை. அம்பாசமுத்திரத்தில் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். சுத்துப்பட்டு ஊர்ப் பிள்ளைகளின் ரிசல்ட் பாதி என் பிரிண்டர் வழியாகத்தான் வெளியே வரும். ஒரு தடவை இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் ஸ்கோர் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் கேட்டார்: "அண்ணாச்சி, பையன் 93 எடுத்திருக்கான், என்ஐடி கிடைக்காதுங்காங்க. என்ன அநியாயம் இது?" அந்த 93 மார்க் இல்லை, பெர்சன்டைல். எழுதினவர்களில் நூற்றுக்கு 93 பேர் அவனுக்குச் சமமாகவோ பின்னாலோ இருக்கிறார்கள் என்பதுதான். பத்து லட்சம் பேர் எழுதினால் எழுபதாயிரம் பேர் அவனுக்கு முன்னால் நிற்கிறார்கள். தசமப் புள்ளிக்குப் பின்னால் ஏழு இலக்கம் வரை போடுகிறார்களே, அது இந்தக் கூட்டத்தை வரிசைப்படுத்தத்தான்.

மகளின் 62ம் அதே ஜாதி. மார்க் எவ்வளவு என்பது இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது: 40 கேள்வியில் 23 சரி. அதைப் பார்த்ததும் மனைவிக்கு இன்னும் பகீர் என்றது. ஆனால் இந்த மாதிரித் தேர்வில் சுமாரான பிள்ளை பாதிக் கேள்விக்குத்தான் சரியாகப் பதில் சொல்லும். அப்படித்தான் வினாத்தாளே தயாரிக்கிறார்கள். எல்லாரும் 90 வாங்கினால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க முடியாது. பள்ளிப் பரீட்சையோ, நடத்திய பாடத்திலிருந்து, பெரும்பாலும் புத்தகத்துப் பின்பக்கக் கேள்வியாகவே வரும். அதில் 91 வாங்குவதும் இதில் 62 பெர்சன்டைலில் நிற்பதும் ஒன்றையொன்று பொய்யாக்காது.

கடைசிப் பக்கத்தில் ஒரு அட்டவணை இருந்தது. 23 சரி என்றால் 62, 25 சரி என்றால் 71. இரண்டே கேள்வியில் ஒன்பது தாண்டிவிடுகிறது. மேலே போகப் போக அதே இரண்டு கேள்விக்கு ஒன்றோ இரண்டோதான் ஏறுகிறது. ஆனித் தேரோட்டத்தன்று ரதவீதிக் கூட்டத்துக்குள் நாலு எட்டு வைத்தால் முப்பது பேரைத் தாண்டிவிடலாம், ஓரத்தில் அதே நாலு எட்டுக்கு இரண்டு பேர் கூடத் தேற மாட்டார்கள். நடுவில்தான் நெரிசல். அதனால் 55க்கும் 65க்கும் நடுவே இருக்கிற வித்தியாசத்தைப் பார்த்து டியூஷனுக்குப் பணம் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எண்ணுக்குப் பக்கத்திலேயே 'ஸ்டேனைன்' என்று இன்னொரு கட்டம். 1 முதல் 9 வரை. எழுதினவர்களை ஒன்பது படியில் நிறுத்துகிறார்கள். கீழிருந்து நூற்றுக்கு 4, 7, 12, 17, 20, 17, 12, 7, 4 பேர் என்பது கணக்கு. நடு மூன்று படியைக் கூட்டினால் 54 பேர். அதாவது பாதிக்கு மேல் பிள்ளைகள் 4, 5, 6இல்தான் இருக்கும். மகள் கணக்கில் 6, ஆங்கிலத்தில் 7, அறிவியலில் 4. இந்தக் கட்டத்தை முதலில் பார்த்திருந்தால் குழுவில் பாதிப்பேர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

யாரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு பக்கமும் வெளிர் நீலத்தில் ஒரு பட்டை இழுத்திருந்தார்கள். கணக்குக்கு அது 51இல் தொடங்கி 72இல் முடிந்தது. இதே பிள்ளை வேறொரு நாள், வேறொரு தாளை எழுதியிருந்தால் இந்தப் பட்டைக்குள் எங்கேயாவது விழுந்திருக்கலாம் என்று அர்த்தம். போன வருஷம் அவளுக்குக் கணக்கில் 66. "நாலு குறைஞ்சுபோச்சே" என்று கவலைப்பட்டவர்களுக்கு அந்தப் பட்டையைத்தான் காட்டினேன்.

யாரோடு ஒப்பிட்டு 62 என்பதையும் பார்க்க வேண்டும். பணம் கட்டி இந்தத் தேர்வை எழுதும் பள்ளிகளின் பிள்ளைகளோடு. அவை பெரும்பாலும் ஆங்கில வழித் தனியார் பள்ளிகள், அதிலும் பட்டணத்துப் பள்ளிகள். நாட்டில் ஆறாம் வகுப்பு படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் அந்த வரிசையில் நிற்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றை முக்கூடலில் அண்ணன் வீட்டில் பார்த்தேன். அண்ணன் மகன் அங்கே அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. கொரோனாவுக்குப் பிறகு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். மதினி பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டே, "உங்க அண்ணன் மவன் தமிழ்ல மலராம், கணக்குல மொட்டாம். நல்லதா கெட்டதா, நீங்களே சொல்லுங்க" என்றாள். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அங்கே அடுத்த பிள்ளையோடு ஒப்பீடே கிடையாது. இவனுக்கு என்ன தெரியும், அடுத்து என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வகுப்பு மொத்தமும் மலராகலாம். ஆனால் எழுதினவர்கள் மொத்தமும் 90 பெர்சன்டைலில் நிற்க முடியாது. என்னைக் கேட்டால் சின்ன வகுப்புக்கு மதினி வீட்டு அறிக்கைதான் உபயோகம்.

பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று நாடு முழுக்கப் பார்த்து, பேப்பரில் மாவட்டம் மாவட்டமாக வரும் தேசிய அடைவு ஆய்வு வேறு. 2017இலும் 2021இலும் நடந்தது, 2024 டிசம்பரில் 3, 6, 9ஆம் வகுப்புகளுக்குப் பரக் என்ற பெயரில் நடந்தது. குறிப்பிட்ட சில பள்ளிகளில் மட்டும் எடுப்பார்கள், தனிப் பிள்ளைக்கு மார்க் வராது. அது தெரியாமல், தன் பிள்ளை மார்க்கைப் பிரிண்ட் எடுக்கக் கேட்டு என் கடைக்கே ஆள் வந்திருக்கிறது.

சரி, அறிவியல் 35க்கு வருகிறேன். அதுதான் உண்மையில் பார்க்க வேண்டிய இடமாகப் பட்டது. மூன்றாம் பக்கத்தில் பாடத்துக்குப் பாடம் எத்தனை கேள்விக்குப் பதில் எழுதினாள் என்று ஒரு பத்தி. கணக்கில் 40க்கு 40. அறிவியலில் 40க்கு 31. ஒன்பது கேள்வியைத் தொடவே இல்லை.

"நேரம் பத்தலியா?"

"இல்லப்பா, தெரியாததை விட்டுட்டேன். தப்பா எழுதினா மார்க் குறைச்சிருவாங்கன்னு அத்தான் சொன்னாவ."

அத்தான் என்பது என் அக்கா மகன். நீட்டுக்குப் படிக்கிறான். அங்கே சரிக்கு 4, தப்புக்கு ஒன்று கழியும். இந்தத் தேர்வில் கழிப்பதே கிடையாது. பிள்ளை யாரிடமும் கேட்காமல் அந்த விதியை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறாள். நாலு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருந்தாலே அந்த ஒன்பதில் ஒன்றிரண்டு சரியாகியிருக்கும்.

பெற்றோர் கூட்டத்தில் வகுப்பு மிஸ்ஸிடம் கேள்விவாரியான தாள் இருந்தது. கேட்டால்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். அதில் வகுப்பே தடுக்கி விழுந்த கேள்வி ஒன்று. ஸ்கேல் படம், அதன்மேல் ஒரு பென்சில். பென்சில் 0இல் தொடங்காமல் 2இல் தொடங்கி 7இல் முடிகிறது. நீளம் என்ன? மகள் உட்பட பாதிக்கு மேல் 7 என்று எழுதியிருந்தார்கள். முனை எங்கே முடிகிறதோ அதைப் படித்துவிடுகிறார்கள்.

அன்றைக்கு ராத்திரி மனைவியின் தையல் மெஷினிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து மகளிடம் கொடுத்தேன். அதன் முனை நைந்து முதல் இரண்டு இஞ்ச் எப்போதோ போய்விட்டது. மனைவி எப்போதும் 10இல் பிடித்துத்தான் அளப்பாள். "அம்மா பிளவுஸ் கை அளந்தா 19ன்னு வருது, ஆனா நோட்டுல 9ன்னு எழுதுதா. ஏன்?" என்று கேட்டேன். மகள் டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பத்தைக் கழிக்கணும்லா!" அப்புறம் அவளே வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் 10இல் பிடித்து அளக்க ஆரம்பித்துவிட்டாள், தம்பியின் காதையும் சேர்த்து.

அறிக்கையோடு வந்த தாளில் பெற்றோர் கருத்து எழுத ஒரு கட்டம் இருந்தது. பெரும்பாலும் 'நன்றி' என்றோ 'இன்னும் முயற்சி வேண்டும்' என்றோ எழுதிக் கையெழுத்துப் போடுவோம். நான், 'தப்புக்கு மார்க் கழியாது என்பதைத் தேர்வுக்கு முன் பிள்ளைகளிடம் சொல்லவும்' என்று எழுதிக் கொடுத்தேன். மிஸ் படித்துவிட்டு வகுப்பின் மற்ற தாள்களையும் புரட்டினார்கள். அறிவியலில் கேள்விகளை விட்டுவைத்த பிள்ளைகள் இன்னும் சிலர் இருந்தார்கள். அடுத்த தேர்வுக்கு முன்னால் தானே வகுப்பில் சொல்லிவிடுவதாகச் சொன்னார்கள். வாட்ஸப் குழுவிலும் இதை நான் போட்டுவிட்டேன். டியூஷன் சென்டர் விளம்பரம் இன்னும் அதற்கு மேலேதான் இருக்கிறது.